இரண்டு தரம் அடித்தால் சுகம்

என் அக்காவும் நானும் இருபத்தொரு வருடமாக ஒவ்வொரு நாளும் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுத்தோம். அந்த இருபத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தொலைபேசியில் பேசியதில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. எங்கள் ஏற்பாடு அப்படி.

காலை ஆறு பத்துக்குப் பருத்தித்துறையில் அக்கா என் இலக்கத்தை அழுத்துவார். அச்சுவேலியில், மகள் வீட்டு விறாந்தையில் இருந்த தொலைபேசி இரண்டு தரம் அடித்து நிற்கும். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன், எடுக்க மாட்டேன். பிறகு நான் அவருடைய இலக்கத்தை அழுத்தி, இரண்டு தரம் அடிக்கவிட்டு வைப்பேன். அவரும் எடுக்க மாட்டார். இரண்டு தரம் என்றால், எழும்பிவிட்டேன், தேத்தண்ணீர் குடித்தாயிற்று, சுகம். ஐந்து தரம் என்றால், உடனே வா.

ஏன் இரண்டும் ஐந்தும் என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதுண்டு, கேட்காதவர்களுக்கும் சொல்வதுண்டு. இலக்கத்தை அழுத்துகிறவருக்குக் கேட்கும் மணியும் மற்றப் பக்கத்தில் அடிக்கும் மணியும் ஒன்றல்ல. நான் பருத்தித்துறைக்குப் போய் இருந்து, மகளை இங்கே எண்ணவைத்துச் சோதித்தேன். அக்கா நான்கு என்று எண்ணி வைத்தபோது மகள் மூன்று என்றாள். இன்னொரு தரம் ஐந்து என்றாள். ஆகவே ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஒன்றோடொன்று முட்டாத இரண்டு எண்களைத் தெரிந்தெடுத்தேன். அரசாங்கத்தின் கணக்கெடுப்புக் கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன் நான். எண்ணுவது ஒரு நோய் வருத்தமாக என்னோடு தங்கிவிட்டது.

"கந்தோரிலை சனத்தை எண்ணினது காணாதெண்டு இப்ப மணியை எண்ணத் தொடங்கிட்டான்" என்று அக்கா தன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிச் சிரித்தாராம்.

அக்கா கலியாணம் முடிக்கவில்லை. பெண்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அப்பா கட்டிய வீட்டில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், தனியாக இருந்தார். தனியாக இருப்பதென்றால் ஒவ்வொரு நாளும் அடையாளம் காட்ட வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. அடையாளம் காட்டினால் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. கனடாவில் இருக்கும் என் மகனும் இதற்குச் சம்மதித்திருந்தான். அந்த மணி ஒழுங்காக அடிக்கும்வரை அக்கா தன் வீட்டில் இருக்கலாம். அது நின்றால் முதியோர் இல்லம். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என்னோடு வந்திருக்கச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நானே மகள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறவன். அக்காவிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "நீயும் நானும் ஒரு வீட்டிலை இருந்தால் ஒரு கிழமைக்குள்ளை ரெண்டு பேரிலை ஒராள் மற்றாளைக் கொண்டுபோடும்" என்றார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

ஐந்து தரம் அடித்தது மொத்தம் மூன்று முறை. முதல் முறை குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இரண்டாம் முறை குசினிக்குள், அடுப்படியில், நாகபாம்பு. மூன்றாம் முறை புயலில் மாங்கொப்பு ஓட்டின்மேல் விழுந்தது. மூன்றும் உண்மை. பொய்யாக ஒருநாளும் அடிக்கவில்லை.

எனக்குத் தெரிய எத்தனையோ சாமான்கள் போயின. தந்தி போனது. வாசலில் தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டதும் உறையைப் பிரிக்காமலே அழத் தொடங்குகிற வீடுகள் இருந்தன. நீல நிற வான்கடிதம் போனது. அதை ஓரத்தால் வெட்டத் தெரியாமல் நடுவால் கிழித்து, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். பிள்ளைகள் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் போனது. எங்கள் சந்தியில் மட்டும் நான்கு 'கொமினிகேசன்' கடைகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக மர வாங்கில் வரிசையாக இருந்து, பெயர் கூப்பிட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுவோம். அதில் ஒன்று இப்போது கோழியிறைச்சிக் கடை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இறைச்சி தொங்குகிறது. இவை போனபோது நான் கவலைப்படவில்லை. ஒன்று போனால் அதைவிட வசதியான ஒன்று வந்தது. ஆனால் கம்பித் தொலைபேசி போனபோது அது செய்த வேலையைச் செய்ய ஒன்றும் வரவில்லை. பேசுவதற்கு ஆயிரம் வழி வந்தது. பேசாமல் இருப்பதற்கு இருந்த ஒரு வழி போய்விட்டது.

அது போனது ஒரு லொறியால். வைக்கோல் ஏற்றிய லொறி அக்காவின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கம்பியை இழுத்துக்கொண்டு போனது. தொலைபேசிக் கம்பனிக்கு எட்டு முறை முறையிட்டேன். இனிச் செப்புக் கம்பி இழுப்பதில்லை, புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்துங்கள் என்றார்கள். அந்தப் பெட்டி மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். பருத்தித்துறைப் பக்கம் மழை இருட்டினாலே மின்சாரம் நின்றுவிடும். மகள் வீட்டுக் கம்பித் தொலைபேசியையும் அதே மாதம் நிறுத்திவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்ட மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு கைத்தொலைபேசிகளைக் கொடுத்துவிட்டான். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. இரண்டும் ஒரே கறுப்பு. அன்போடுதான் அனுப்பினான், அதில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

முதல் நாள் காலை என்னுடையது ஏதோ பாட்டுப் பாடியது. மணி அடித்தால் எண்ணலாம், பாட்டை எப்படி எண்ணுவது? பாட்டு நின்றதும் கண்ணாடியில் எழுத்து வந்தது: தவறிய அழைப்பு, ஒன்று. அக்கா எத்தனை தரம் அடிக்கவிட்டார் என்று அந்தக் கண்ணாடியில் எல்லா இடமும் தேடினேன். மகள் வந்து பார்த்தாள்.

"அப்பா, அது அப்பிடியெல்லாம் காட்டாது. ஒருக்கா எடுத்தவ எண்டுதான் காட்டும்."

"ரெண்டு தரம் அடிச்சதோ அஞ்சு தரம் அடிச்சதோ எண்டு எனக்குத் தெரியோணும்."

"எடுத்துக் கேளுங்கோவன். அதுக்குத்தானே போன்."

என் வயதில் ஒருவன் மகளிடம் எதை விளங்கப்படுத்துவது. அன்று பின்னேரம் பருத்தித்துறைக்கு பஸ் எடுத்தேன். அக்கா கைத்தொலைபேசியைப் பழைய தொலைபேசி இருந்த அதே ஸ்ரூலில், தன் கையால் பின்னிய அதே துணியால் மூடி வைத்திருந்தார். செத்துப்போன பழைய தொலைபேசி நிலத்தில், சுவரோடு. புது ஏற்பாடு ஒன்று பேசினோம். ஒரு முறை எடுத்தால் சுகம், ஐந்து முறை எடுத்தால் வா என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் கண்ணாடியை அஞ்சு தரம் தடவ என்னாலை ஏலாது, தம்பி. விரல் காய்ஞ்சு போச்சு. இது என்னை ஒரு ஆளெண்டே மதிக்குதில்லை. நான் அமத்துறன், அது பேசாமல் கிடக்குது. நாக்காலை விரலை நனைச்சு அமத்தினால்தான் அசையுது."

"அப்ப எத்தினை?"

"ரெண்டு. ஒண்டெண்டால் சுகம், ரெண்டெண்டால் வா. நோகக் கிடக்கிறவள் ரெண்டுக்கு மேலை அமத்தமாட்டாள்."

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. அதைச் சொன்னேன். "நீ ஒரு விசரன்" என்றார். பிறகு, "எட, இருந்து சாப்பிட்டிட்டுப் போ, பாரைக் குழம்பு கிடக்கு" என்றார். ஒருவர் எடுக்கும் அழைப்புக்கு மற்றவர் பதில் பேசக் கூடாது என்ற பழைய சட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அது சட்டமென்றே எங்களுக்கு நினைவில்லை. தொலைபேசி அடித்தால் நாங்கள் எண்ணுவோம். அவ்வளவுதான்.

நான்கு மாதம் ஒன்று, ஒன்று என்றே போனது. மார்கழி மழையில் ஒரு நாள் விடியத் தொடங்கும்போதே மின்சாரம் நின்றிருந்தது. ஆறு பத்துக்குப் பாட்டுக் கேட்டது. நின்றது. நான் பதிலுக்கு எடுக்க விரலை வைக்கும்போது மறுபடி பாட்டு. தவறிய அழைப்பு, இரண்டு.

அக்காவின் விரல் செய்த வேலையாக இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் இரண்டு என்றால் வா. உறுதிப்படுத்துவோம் என்று திருப்பி எடுத்தேன். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் முழுவதாக அடித்து ஓய்ந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. முன்வீட்டு ஓட்டோக்காரரை எழுப்பிக்கொண்டு, தொண்டைமானாற்றுப் பாலத்தால், மழைக்குள் போனேன். வழியில் மூன்று பஸ்கள் எதிரே வந்தன. அவற்றையும் எண்ணினேன், உள்ளே யார் என்று பார்க்கவில்லை.

கேற்றில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அக்கா வீட்டில் இருக்கும்போதும் அப்படித்தான் பூட்டுவார். உள்ளே நின்று பூட்டினாலும் வெளியே நின்று பூட்டினாலும் பார்வைக்கு ஒன்றுதான். ஓட்டோக்காரர் மதிலால் ஏறி இறங்கி, பின்பக்கத்துச் சின்னப் படலையைத் திறந்து என்னை உள்ளே எடுத்தார். முன்கதவும் பூட்டு, அதுவும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டுகிற, கதவோடு சேர்ந்த பூட்டு. கூப்பிட்டேன். பதில் இல்லை. என் கைத்தொலைபேசியால் எடுத்தேன். யன்னலுக்கு அந்தப் பக்கம், மண்டபத்துக்குள், அக்காவின் தொலைபேசி பாடியது.

பக்கத்து வீட்டுப் பெண் குடையோடு வந்துவிட்டாள். "ரீச்சர் வெளிக்கிட்டதை நான் காணேல்லை, ஐயா. போன் உள்ளுக்கை அடிக்குதெண்டால் ஆளும் உள்ளுக்கைதான்."

ஓட்டோக்காரரும் அதையே சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் காலத்தில் யார் தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

"உடையுங்கோ" என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து இரும்பு அலவாங்கு வந்தது. கதவு அப்பா காலத்துக் கதவு. இலேசில் விடவில்லை. கடைசியில் நிலையோடு பிளந்துகொண்டு திறந்தது. உள்ளே ஓடினேன். படுக்கை மடித்திருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. குளியலறை காய்ந்திருந்தது. ஒருவரும் இல்லை. ஸ்ரூலில், பின்னல் துணிக்குக் கீழே, அந்தக் கறுப்புச் சாமான் மட்டும் என் ஐந்து அழைப்புகளோடு கிடந்தது.

அப்போதுதான் என்னுடையது பாடியது. மகள்.

"அப்பா, எங்கை நிக்கிறியள்? மாமி இஞ்சை வந்து நிக்கிறா. நனைஞ்சு போனா. நீங்கள் சாகக் கிடக்கிறியளோ எண்டு கேக்கிறா."

நடந்தது இதுதான். அக்கா விரலை வைத்தார். ஒன்றும் அசையவில்லை என்று நினைத்து மறுபடி வைத்தார். இரண்டும் எனக்கு வந்துவிட்டன. பிறகு நான் எடுக்க அவருடையது பாடியது. வழமையான பதில் என்று நினைத்து நின்று எண்ணினார். இரண்டாம் முறை பாடியது. மூன்றாம் முறை பாடியது. இரண்டென்றாலே வா என்பதுதானே பேச்சு. நான்காவது ஓய்ந்தபோது அவர் சேலை உடுத்திக்கொண்டிருந்தார். தொலைபேசியைத் துணியால் மூடினார். அது அவருக்கு வீட்டில் இருக்கிற சாமான், கையில் கொண்டு திரிகிற சாமானல்ல. கதவைப் பூட்டினார், கேற்றைப் பூட்டினார், மழையில் பஸ் நிலையத்துக்கு நடந்தார். எண்பத்துநான்கு வயது. தம்பியைக் காப்பாற்றப் போனார்.

மகள் வீட்டுக்கு நான் திரும்பி வந்தபோது தலையைத் துவட்டியபடி குசினியில் இருந்தார்.

"ஒண்டுமில்லையெண்டால் என்னத்துக்கடா நாலு தரம் எடுத்தனீ?"

"நீங்கள் ரெண்டு தரம் எடுத்தனீங்கள்."

"நான் ஒருக்காத்தான் எடுத்தனான். மற்றது அது தானா எடுத்தது." பிறகு என்னைப் பார்த்தார். "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அக்கா, கதவை உடைச்சுப்போட்டன்."

தலையைத் துவட்டிய துணியை மடியில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம் உடைந்த கதவின் படம் கனடாவுக்குப் போய்விட்டது. அவசரத்துக்கென்று மகன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தன் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தான். அவளும் நல்லதென்றுதான் அனுப்பினாள். அவனிடமிருந்து அது லண்டனிலும் பாரிசிலும் உள்ள சொந்தக்காரருக்குப் போனது. பிளந்த நிலை, கீழே கிடந்த பூட்டு, உள்ளே இருட்டு. அந்தப் படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அக்கா எங்கே நின்றார் என்ற கேள்வி வரவில்லை. இரவு மகன் எடுத்தான். முகம் தெரிகிற அழைப்பு.

"மாமி, இனி நீங்கள் தனிய இருக்கேலாது."

"ஏன்? நான் விழுந்தனானே? எனக்கு வருத்தமே? பஸ்ஸிலை ஏறி இவனைப் பாக்க வந்தனான். என்னாலை ஏலாதெண்டு எதை வைச்சுச் சொல்லுறாய்?"

அவன் என்னைக் கூப்பிட்டான். "அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. அடுத்த முறை அந்தக் கதவுக்குப் பின்னாலை அவ கிடந்தால்?"

நான் என்ன சொல்வது? அந்தக் காலை யன்னலுக்குப் பக்கத்தில் நின்றபோது நானும் அதைத்தான் கண்டேன். அக்கா விழுந்து கிடப்பதை அவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தேன். நடக்காத ஒன்று நடந்ததைப்போல எங்கள் எல்லோருக்குள்ளும் ஏறிவிட்டது. அதை வெளியே எடுக்க ஒருவராலும் முடியவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திருத்தியிருந்தாலாவது கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம். தச்சர் வந்து பார்த்துவிட்டு, நிலை போய்விட்டது, முழுவதும் புதிதாக வைக்க வேண்டும், தைக்குப் பிறகுதான் வரலாம் என்றார். பூட்டமுடியாத வீட்டில் ஒரு பெண் தனியாக எப்படிப் படுப்பது? இரவில் பக்கத்து வீட்டில் படுத்தார். அது மூன்று கிழமை. அதற்குள் யாழ்ப்பாணத்தில் எங்கள் திருச்சபையைச் சேர்ந்த முதியோர் இல்லமொன்றில் இடம் இருக்கிறது என்று செய்தி வந்தது. இடம் வந்தால் உடனே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். அக்கா ஆமென் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குக் கேட்டிருக்கும்.

இப்போது அக்காவின் வீட்டில் வங்கியில் வேலை செய்கிற ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. புதுக் கதவு போட்டாயிற்று.

இல்லத்தைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. துப்புரவு. நேரத்துக்குச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய, அங்கே வேலை செய்கிற பிள்ளை தன் தொலைபேசியைப் பிடித்து அக்காவை எனக்குக் காட்டும். அக்காவின் நெற்றி தெரியும், பிறகு கூரை, பிறகு ஒரு காது. "சுகமா இருக்கிறன்" என்பார். பின்னால் யாரோ "சிரியுங்கோ ரீச்சர்" என்பார்கள். இருபத்தொரு வருடம் ஒரு சொல் பேசாமல் அவரைப் பற்றி அறிந்திருந்தேன். இப்போது முகத்தையே காட்டுகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காலை ஆறு பத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "இஞ்சை நான் எழும்பினனோ எண்டு பாக்க மூண்டு பேர் நிக்கினம். உனக்கு ஏன் தனிய அறிவிக்கோணும்?"

அதனால் நேரே போகிறேன். இதுவரை பதினொரு தரம் போயிருக்கிறேன். போகும் ஒவ்வொரு முறையும் அக்கா கட்டில் விளிம்பில், வீதிக்கு உடுத்துகிற சேலையோடு, மடியில் கைப்பையை வைத்தபடி இருப்பார். பைக்குள் இரண்டு சேலை, வேதப்புத்தகம், மூக்குக்கண்ணாடி. முதல் தரம் கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா பையைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"நான் போக ஆயத்தமா இருக்கிறன் எண்டு இவைக்குத் தெரியட்டும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "ரீச்சர் ஒவ்வொரு நாளும் ஊருக்குப் போறா, பின்னேரம் திரும்பி வாறா" என்று பகிடி பண்ணினார். "நீங்கள் இருந்து கொள்ளுங்கோ, நான் போறன்" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பார்: "அவை எப்ப எழும்புவினமாம்?" வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டை விட்டுப் போவதைத்தான் கேட்கிறார். "கேட்டுச் சொல்லுறன்" என்பேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்பது எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை போனேன். அக்கா வீட்டுச் சட்டையோடு இருந்தார். தலை வாரிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். மழை பெய்யுமோ என்று கேட்டார். மகளின் முட்டுவலியைப் பற்றிக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன், பஸ்ஸில் வரும்போது ஒரு பதிலை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை. இல்லத்துப் பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்து, பிஸ்கற் எடுக்க அலுமாரியைத் திறந்தது. கைப்பை கீழ்த் தட்டில் கிடந்தது. வெறுமையாக, நடுவால் மடிந்து.

"குடி, ஆறப்போகுது" என்றார் அக்கா.